பொன்னுருக்குக்கு முன் விட நினைத்த மருந்து

ஒரு கப்சியூலைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கறுப்புத் துணியில் கொட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் குருணைகள் இருந்தன, கடுகிலும் சிறியவை. கல் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இல்லை. ஒன்று உருண்டை, ஒன்று கொஞ்சம் சப்பட்டை, ஒன்று மற்றதின் முக்கால். இப்படி வேலை செய்து ஒருவன் என்னிடம் கொண்டுவந்திருந்தால் அள்ளி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் முப்பது வருஷமாகப் பவுண் வேலை செய்கிறவன் நான். நிறுவையில் பிசகாத கை என்று மற்றவர்களும் சொல்வார்கள், அவர்கள் சொல்ல மறந்தால் நானே சொல்லிக்கொள்வேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

மருந்து என்னிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரடங்குகள் முடிந்து, தெரு திறந்து, கடைக்கு ஆட்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில்தான் நான் படுத்தேன். எல்லாரும் எழும்புகிற நேரம் பார்த்து விழுகிற ஆள் நான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவரும் சாகவில்லை, ஒன்றும் களவு போகவில்லை. காலையில் கண் விழித்தால் பல் துலக்குவதற்கு ஏன் எழும்ப வேண்டும் என்று ஒரு கேள்வி வரும், பதில் வராது. அப்படியே மத்தியானமாகிவிடும். மூன்று மாதம் குறடு பிடிக்காமல் கிடந்தேன். மனைவி முதலில் திட்டினாள், பிறகு கோயில்களுக்குப் போனாள், பிறகு ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் ஒரு மனநல டொக்டரின் இலக்கத்தை எங்கிருந்தோ பிடித்து வந்தாள்.

வெள்ளவத்தையில் இருக்கிற எங்களுக்குக் கொட்டாஞ்சேனை கொழும்பின் மறு அந்தம். அது தூரம் என்பதற்காகத்தான் அவள் அதைப் பிடித்தாள். வெள்ளவத்தையில் மருந்து வாங்க ஒரு பாமசிக்குள் நான் காலை வைத்தால், நான் வெளியே வருமுன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். எங்கள் ஆட்களை ஒரு லேனுக்குள் ஆறு மாடிக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கீழ் மாடியில் ஒருவர் இருமினால் மேல் மாடியிலிருந்து மல்லித் தண்ணீர் வரும். அதிலும் எங்களுடையது கலியாணம் பேசுகிற வயதில் மகன் உள்ள வீடு. தகப்பனுக்குத் தலை சரியில்லையாம் என்று யாரோ ஒருவர் ஒரு தரம் சொன்னால் போதும், வருகிற சம்பந்தமெல்லாம் படியிலேயே திரும்பிவிடும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேறு வீடுகளைப் பற்றி நானும் அப்படிக் கதைத்தவன்தான்.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்கமாட்டேன். ஆறாவது கிழமை நான் பல் துலக்கினேன், எட்டாவது கிழமை பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். பிறகு நான்கு வருஷம் காலையில் ஒரு கப்சியூலுடன் நன்றாகத்தான் ஓடியது. வியர்வை கொஞ்சம் கூடுதலாக வரும், மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. போன வருஷம் டொக்டரே சொன்னார், இனிக் குறைத்துப் பார்க்கலாம் என்று. என்னைவிட இருபது வயது குறைந்த பெண் அவர், ஆனால் அவருக்கு முன்னால் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இருப்பேன்.

"அவசரப்படக் கூடாது ஐயா. ஒரு வருஷம் எடுக்கும், சிலவேளை அதுக்கும் மேல," என்றார். "சின்னக் கப்சியூலுக்கு வந்தாப் பிறகு அதைத் திறந்து உள்ள இருக்கிற குருணையில கொஞ்சத்தை எண்ணி எடுத்துப்போட்டு மிச்சத்தைக் குடியுங்கோ. மாசத்துக்கு ஒருக்கா ஒரு படி இறங்குவம். தலை சுத்தினா, மனம் ஒரு மாதிரி இருந்தா, அதே படியில நிண்டுகொண்டு எனக்குச் சொல்லுங்கோ."

ஓம் என்று தலையாட்டினேன். சின்னக் கப்சியூலுக்கு வருமட்டும், முதல் மூன்று மாதமும், அவர் சொன்னபடிதான் செய்தேன். ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. அதற்குள் மகனுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது.

பெண் நல்ல பெண். தெஹிவளையில் வீடு, தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கும் பெண்ணுக்கும் முன்பே பழக்கம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் பேச்சு வளராமல் சட்டென்று நாள் வைத்துவிட்டார்கள். கலியாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னதாகப் பொன்னுருக்கு.

பொன்னுருக்கு எங்கள் ஆட்களின் கலியாணத்தில் முதல் சடங்கு. தாலிக்கான பவுணை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, இரு பகுதியாரும் பார்த்திருக்க, ஆசாரியார் வந்து உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. முப்பது வருஷத்தில் எத்தனையோ வீடுகளுக்கு நான் போய் உருக்கிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் லேனில் மட்டும் ஐந்தாறு தாலி என் கையால் செய்தது. இப்போது என் ஒரே மகனுக்கு, என் வீட்டிலேயே, நான் உருக்க வேண்டும். வேறு யார் உருக்குவது என்ற கேள்வியே எழவில்லை. எனக்கும் அதைவிட வாழ்க்கையில் வேறு ஆசை இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தாலி வேலை எடுத்தால் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மீன் இறைச்சி என்று மச்சம் இல்லை, குடி இல்லை, முழுகிவிட்டுத்தான் நெருப்பில் கை வைப்பது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாரும் செய்வோம். நான் அந்த ஒழுங்கில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன். தலைக்கு மருந்து குடிக்கிற ஒருவனின் கை, மருந்து பிடித்து வைத்திருக்கிற கை, சுத்தமான கை இல்லை என்று நினைத்தேன். என் மகனின் தாலியை என் சொந்தக் கையால் செய்ய வேண்டும், மருந்தின் கையால் செய்யக் கூடாது. ஆகவே பொன்னுருக்குக்கு முன் மருந்தை முழுதாக விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். அதை டொக்டருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துப் படிகளை மூன்று மாதத்தில் இறங்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தக் குருணைகளைக் கறுப்புத் துணியில் கொட்டினேன்.

பவுணும் செம்பும் சேர்த்து உருக்கினால் எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே மாற்று வர வேண்டும். இல்லாவிட்டால் அது வேலை இல்லை, ஏமாற்று. பெரிதும் சிறிதுமான குருணையை எண்ணி எடுத்தால் இன்றைக்கும் நாளைக்கும் அளவு ஒன்றாக இருக்குமா? டொக்டர் கெட்டிக்காரிதான், ஆனால் நிறுவை தெரியாத பிள்ளை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்து, மேல்மாடியில் தனியே இருந்து, பத்துக் கப்சியூலை உடைத்து, சின்னக் கல் உரலில் போட்டு அரைத்தேன். மாவாக அரைத்தேன். அரைத்ததைக் கல் நிறுக்கிற தராசில் பங்கு பங்காக நிறுத்து, வெற்றுக் கூடுகளில் திருப்பி அடைத்தேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தராசில் வித்தியாசமே இல்லை. வரிசையாக வைத்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கிழமைக்கு ஒரு தரம் பங்கைச் சிறிதாக்கினேன்.

முதல் வாரத்திலேயே உடம்பு பதில் சொல்லத் தொடங்கியது. காலையில் மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை ஈரமாகும். மத்தியானம் சரியாகிவிடும். பின்னேரம் நாலு மணிக்கு வேறு ஒன்று வரும். கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் ஒரு சொடுக்கு. வலி இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் வருமே, அப்படி ஒரு சின்ன அடி. அது நெற்றிக்குள் தொடங்கி உதட்டால் ஓடி விரல் நுனியில் போய் நிற்கும். கண்ணை நேரே வைத்திருந்தால் வராது. கண்ணை நேரே வைத்திருந்து யார் வாழ்ந்தது?

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் யன்னலால் பார்க்க முடியாமல் போயிற்று. காலி வீதிக் கடைகள் ஒவ்வொன்றாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொடுக்கு. கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். மூடினால் வாந்தி வரும், திறந்தால் சொடுக்கு வரும். ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் பஸ் நின்றபோது ஒரு தாய் குனிந்து பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து நான் விம்மி அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை மடிக்கு எடுத்துவைத்துக்கொண்டார்.

நான் பயந்தேன். ஆனால் பயந்து நிறுத்தவில்லை. உருக்கும்போது அழுக்கு மேலே மிதந்து வருவதைப் பார்த்துப் பழகிய ஆள் நான். இதுவும் அப்படித்தான், உள்ளே கிடந்த மருந்து கழன்று வெளியே வருகிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சுத்தமாகிவிடுவேன் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மோசமாக இருந்த கிழமைகளில்தான் பங்கை இன்னும் கூடுதலாகக் குறைத்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டுக் குட்டலாம் போலிருக்கிறது.

கூறைச்சேலை எடுக்கப் போன நாள் அது வெளியே வெடித்தது. சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் சனம் நெரிகிற நேரம். நான், மனைவி, மகன், அந்தப் பெண் நால்வரும் ஒரு சேலைக்கடைக்குப் போனோம். கடைப்பிள்ளை சேலைகளை விரித்து விரித்துப் போட்டாள். சிவப்பு, குங்குமம், அரக்கு, எல்லாவற்றிலும் சரிகை மின்னியது. நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னை ஒதுக்கிவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இரண்டு சேலைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்குத்தானே பவுண் கலர் தெரியும். இதுவோ, இதுவோ? எது தாலிக்கு எடுப்பா இருக்கும்?"

இடப்பக்கம் பார்த்தேன், சொடுக்கு. வலப்பக்கம் பார்த்தேன், இன்னொன்று. அவள் சிரித்தபடி மறுபடியும் இடக்கையைத் தூக்கினாள்.

"எனக்கென்ன தெரியும்? கட்டப்போறது நீதானே. என்னை ஏன் போட்டு அரிக்கிறாய்? ஆளை விடு," என்று கத்தினேன்.

கடைப்பிள்ளை விரித்த சேலையை மடிக்கத் தொடங்கினாள். அவளுடைய இரண்டு கையும் மெதுவாகக் கீழே இறங்கின. முகத்தில் ஈயாடவில்லை. மனைவி ஏதோ சொல்லிச் சமாளித்தாள், என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மகன் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். காலி வீதியில், வாகனச் சத்தத்துக்கு நடுவில், அவன் குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"அப்பா, அவள் உங்களுக்கு என்ன செய்தவள்?"

உண்மையை நான் சொல்லியிருக்கலாம். அவனுக்கு நான் மருந்து எடுப்பது தெரியும், குறைப்பதும் தெரியும். ஆனால் நான் அவசரமாக விடுவதே அவனுடைய தாலிக்காக என்று எப்படிச் சொல்வது? வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு, "வெக்கையடா" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றுதான் முதல் தடவை கண்டேன். அந்தப் பார்வை இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டறையில் மற்றது நடந்தது. ஒருவரின் கைச்சங்கிலி அறுந்து வந்திருந்தது, பொடி வைத்து ஒட்டுகிற வேலை. பிள்ளை விளையாட்டு. நெருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது யாரோ படியில் ஏறி வந்தார்கள், நான் நிமிர்ந்து பார்த்தேன், சொடுக்கு. நெருப்பு நின்ற இடத்தில் ஒரு விநாடி கூடுதலாக நின்றுவிட்டது. ஒட்ட வேண்டிய இடத்தில் மூன்று வளையங்கள் சேர்ந்து உருகி ஒரு கட்டியாகக் கிடந்தன. முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றை நான் செய்ததில்லை. கல் பதிக்கிற சிங்களவர், களனியிலிருந்து வருகிறவர், தன் வேலையை வைத்துவிட்டு எழும்பி வந்து என் கையிலிருந்த குழலை வாங்கி நெருப்பை அணைத்தார்.

"அய்யே, சனீப நெத்த?" என்றார். சுகமில்லையா என்று யாராவது கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல அவருக்கு முன்னால் அழத் தொடங்கினேன். அவர் தோளில் தட்டி, "வாடி வென்ன, வாடி வென்ன" என்று என்னை இருத்தினார். பொன்னுருக்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்தக் கையால் என் மகனின் பொன்னை உருக்க முடியாது என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனேன். முற்பதிவு இல்லை. கிளினிக் வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்து, கடைசி ஆளாக உள்ளே போய், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்ன செய்தனீங்கள்?" என்று டொக்டர் மறுபடியும் கேட்டார்.

"அரைச்சனான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, அந்தக் குருணை ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு தோல் இருக்கு. மருந்தை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா விடுறதுக்குத்தான் அந்தத் தோல். நீங்கள் அதை உடைச்சுப்போட்டீங்கள். முழு நாளுக்கும் உரிய மருந்து காலமையே ஒரேயடியா உள்ள போயிருக்கு. பின்னேரம் ஒண்டும் மிச்சமில்ல. ஒவ்வொரு நாளும் நீங்கள் மருந்தைத் திடீரெண்டு நிப்பாட்டியிருக்கிறீங்கள்."

"குருணை ஒண்டும் சமனில்லை, டொக்டர்."

"சமனா இருக்கத் தேவையில்ல. ரெண்டு கூடினாலும் குறைஞ்சாலும் ஒண்டும் நடக்காது. இது பவுண் இல்ல."

என் கெட்டித்தனம் முழுவதும் அந்த மேசையில் அம்மணமாகக் கிடந்தது. ஏன் இத்தனை அவசரம் என்று அவர் கேட்டபோது தாலியைப் பற்றியும் சுத்தமான கையைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். அரைக்கத் தொடங்குமுன் எந்தப் படியில் நன்றாக இருந்தேனோ அந்தப் படிக்குத் திரும்பி ஏற வேண்டும். அரைக்காமல், குருணை முழுசாக. பிறகு அங்கேயே மூன்று மாதம் அசையாமல் நிற்க வேண்டும்.

"பன்னிரண்டு நாளில எல்லாம் சரியாயிடுமோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் குறையும். முழுசாப் போயிடுமெண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப நான் மருந்தோடதான் உருக்க வேணும். அது சுத்தமோ?"

"அது என்ர பாடமில்ல ஐயா," என்றார். "ஆனா மருந்து இல்லாம உங்கட கை எப்படி இருந்ததெண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். அரைத்தது, அவசரமாகக் குறைத்தது, சங்கிலியை உருக்கியது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, பக்கத்துக் கடை ஆசாரியாரைக் கூப்பிட்டு உருக்கச் சொல்வோம், அவரும் நல்ல வேலைக்காரர்தான், நான் சபையில் ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன் என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல், வறுபடுகிற பயற்றைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். ஒரே மகன்.

அவள் அகப்பையை நிறுத்தவில்லை. "அவரும் பிரஷருக்குக் குளிசை குடிக்கிறவர்தானே," என்றாள்.

"அது வேற."

"என்ன வேற? நெஞ்சுக்குக் குடிச்சாச் சுத்தம், தலைக்குக் குடிச்சா அசுத்தமோ? நாலு வருஷமா எத்தினை பேருக்குத் தாலி செய்து குடுத்தனீங்கள். அதுகளெல்லாம் என்ன அறுந்தே போச்சு?"

உண்மைதான். நான்கு வருஷமாக மருந்தைக் குடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தாலி செய்தவன், சொந்த மகன் என்று வந்தபோதுதான் சுத்தம் பார்க்கத் தொடங்கினேன். ஊரார் பிள்ளைகளுக்கு எது போதுமோ அது என் பிள்ளைக்குப் போதாது என்று நினைத்திருக்கிறேன். அது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

"நீங்களே உருக்குங்கோ," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவையளுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். கடையில அந்தப் பிள்ளையைப் பேசினதுக்கே அவையள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கினமோ தெரியாது. கை நடுங்கினாப் பிரஷர் எண்டு சொல்லுவம்."

நான் சம்மதித்தேன். அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மாமா" என்றாள். அது பரவாயில்லை என்கிற குரல் இல்லை.

முழுக் குருணைக்குத் திரும்பி ஐந்தாம் நாள் பஸ்ஸில் கண்ணைத் திறந்துவைத்திருக்க முடிந்தது. பத்தாம் நாள் சொடுக்கு ஒரு பின்னேரத்தில் மூன்று நாலு என்று குறைந்தது. முழுவதும் போகவில்லை.

பொன்னுருக்கு அன்று காலை வீட்டுக்குள் முப்பது பேர். நாலாம் மாடியில் நிலம் ஏது, சடங்குக்கு நடுகிற முள்முருக்கந்தடியை மண் நிரப்பிய வாளிக்குள் நட்டு, வாளியைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தோம். நிறைகுடம், குத்துவிளக்கு, தேங்காய், மஞ்சள் தண்ணீர் எல்லாம் இருந்தன. வழக்கப்படி பெண் வரவில்லை, அவள் தகப்பனும் தாயும் தாய்மாமனும் இன்னும் சிலரும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். நெருப்பு அசையக் கூடாது என்பதற்காக ஃபேனை நிறுத்தியிருந்தோம். எல்லாருக்கும் வியர்த்தது. நான் காலையில் முழுகி, மருந்தைக் குடித்து, மேலில் சால்வையைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தேன்.

மகன் வெற்றிலையோடு பவுண் காசைத் தந்தான். என் கண்ணை அவன் நேரே பார்த்தான், நானும் பார்த்தேன். காசை உருக்குகிற மண் மூசையில் வைத்துக் கும்பிட்டு நெருப்பைப் பிடித்தேன். பொன் ஒரே சூட்டில் உருகி ஒரே மணியாகத் திரண்டால் நல்லது என்று எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். எனக்குத் தெரியாததா? முதலில் விளிம்பு சிவந்தது, பிறகு நடு பளபளத்தது. ஓரம் தளர்ந்து ஓடத் தொடங்கியது.

"அங்கிள், ஒருக்கா இஞ்சால பாருங்கோ," என்றான் படம் எடுக்கிறவன், எனக்கு இடப்பக்கத்திலிருந்து.

கண் அந்தப் பக்கம் போய்விட்டது. சொடுக்கு வந்தது, விரல் நுனிவரை. நெருப்பு மூசையை விட்டு விலகியது. நான் திரும்பிப் பிடிப்பதற்குள் கை ஆடத் தொடங்கியிருந்தது. நெருப்பை அணைத்தேன். பாதி உருகிய பொன் மூசைக்குள் ஒரு பக்கம் சப்பி, மங்கலாக இறுகிப்போய்க் கிடந்தது. சபை எட்டிப் பார்த்தது.

"என்ன, உருகேல்லையோ?" என்றார் தாய்மாமன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நல்ல நேரம் முடிய இன்னும் அஞ்சு நிமிஷம்தான் கிடக்கு."

பெண்ணின் தகப்பன் என் கையைப் பார்த்தார். நல்ல மனுஷன், எனக்குக் கைகொடுக்கத்தான் அதைச் சொன்னார். "அண்ணைக்குப் பிரஷராக்கும். காலமை சாப்பிடாம நெருப்புக்கு முன்னால இருக்கிறார்."

நாங்கள் பேசிவைத்த அதே பொய்யை அவராகவே நீட்டுகிறார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன்.

"பிரஷர் இல்ல," என்றாள் மனைவி.

அவள் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்ச் சட்டியோடு நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அவர் நாலு வருஷமா மனவருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர். மகன்ர தாலிக்கெண்டு அதை அவசரமா விடப் பார்த்தவர், அதாலதான் இந்த நடுக்கம். அண்டைக்குக் கடையில பிள்ளையைப் பேசினதும் அதாலதான். நாங்கள் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும்."

படம் எடுக்கிறவன் கமராவை இறக்கினான். பெண்ணின் தாய் தகப்பனைப் பார்த்தாள், தகப்பன் தரையைப் பார்த்தார். தாய்மாமன் எழும்பினார், இன்னொருவரும் அவரோடு எழும்பினார், இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. மகன் கதிரையில் அசையாமல் இருந்தான். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள்ளேயே எங்கோ ஒரு ஆறுதலும் இருந்தது, இத்தனை வருஷமும் நான் ஏதோ களவு செய்தவனாக இருந்தது முடிந்துவிட்டது என்று. இரண்டும் சேர்ந்து வந்ததால் நான் நெருப்பை எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கை ஆடுவது நிற்கவில்லை.

"நேரம் போகுது," என்றது யாரோ பின்னாலிருந்து.

மகனுக்கு ஒரு பென்சில் வாங்குவதென்றாலும் பஞ்சாங்கம் பார்க்கிறவள் என் மனைவி. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு மெல்ல மெல்ல என் பக்கத்தில் தரையில் வந்து இருந்தாள்.

"போனாப் போகட்டும்," என்றாள். "அவரின்ர கை நிக்கட்டும்."

பெண்ணின் தகப்பன் தன் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் எழும்பாமல் இருந்தார்கள். நல்ல நேரம் முடிந்து மூன்று நிமிஷத்துக்குப் பிறகு, என் மகனின் தாலிக்கான பொன் உருகியது.